தண்ணி கேனா, தெர்மாகோல் பெட்டியா, வலைக்கூண்டா? வட சென்னை மாடியில் காய்கறி நாற்று விட எது சரிப்படும்

கீழ்வீட்டு அக்கா போன மாதம் மூன்று விதைப் பொட்டலங்களோடு மாடிக்கு வந்தார். தக்காளி, கத்தரி, மிளகாய். நான் பைப்பால் கட்டி வைத்திருக்கிற வலைக்கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும்மா, ஆனா முந்நூறு ரூபாய்க்கு மேல போகக் கூடாது, வீட்டுக்காரரும் எதுவும் சொல்லக் கூடாது, என்ன பண்ணலாம் சொல்லு" என்றார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கொடுங்கையூரில் இந்த வீட்டுக்கு வந்த நாலு வருஷத்தில் தண்ணி கேன், தெர்மாகோல் பெட்டி, தென்னங்கீற்று, பைப் கூண்டு என்று எல்லாவற்றிலும் நாற்று விட்டுப் பார்த்தாயிற்று, ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு ஆகிறது, ஒன்றிரண்டை மட்டும் நம் ஊர் வெயிலில் செய்யவே கூடாது.

பசுமைக்குடில் என்பது குளிர் தேசத்து ஏற்பாடு. வெளியே பனி கொட்டும்போது கண்ணாடியோ பாலித்தீனோ வெயிலை உள்ளே விட்டு, சூடான காற்றை வெளியே போகாமல் பிடித்து வைக்கும். வீடியோக்களில் நாம் பார்க்கிற சின்னச் சின்னக் குடில்களில் பாதிக்கு மேல் இந்த வேலைக்காகச் செய்தவைதான். தக்காளி விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் போதும். சென்னையில் ஜனவரி விடியற்காலையிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அக்னி நட்சத்திரத்தில் 40ஐத் தொடும், 35ஐத் தாண்டினாலே தக்காளி முளைப்பு குறைய ஆரம்பித்துவிடும். அதனால் சூட்டைச் சேர்த்து வைக்கிற பெட்டி எதற்கு? நமக்கு வேண்டியது நடுப்பகல் வெயிலைப் பாதியாகக் குறைக்கிற, ஐப்பசி மழை நேராக அடிக்காமல் தடுக்கிற, எலி, அணில், காக்கா, புறா எதுவும் உள்ளே வராத ஒரு மறைப்பு. புறாவைத் தனியாகச் சொல்கிறேன், எங்கள் தெருவில் மட்டும் மூன்று மாடிகளில் புறா வளர்க்கிறார்கள், வட சென்னையில் அது காலங்காலமாக இருக்கிற ஆசை, அவற்றின்மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் முளைத்து இரண்டு இலை விட்ட நாற்றைத் திறந்து வைத்தால் ஒரே காலையில் காலி.

இன்னொன்று, எல்லாக் காய்க்கும் நாற்று விட வேண்டியதில்லை. வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, கீரை எல்லாம் நேரடியாகத் தொட்டியிலேயே விதைக்கலாம். புடலை, பீர்க்கு, சுரைக்கு வேரைக் கலைத்தால் பிடிக்காது. தக்காளி, கத்தரி, மிளகாய், இந்த மூன்றுக்குத்தான் இவ்வளவு பேச்சும். தக்காளி நாற்று 25 நாளில் நடுவதற்குத் தயாராகும், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 நாள் வரை ஆகும். அந்த நாட்களை எங்கே கழிக்க வைப்பது என்பதுதான் கேள்வி.

சரி, தண்ணி கேன். 20 லிட்டர் கேன் ஓட்டையாகிவிட்டால் காயலாங்கடையில் முப்பது நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும். நடுவில் அறுத்துக் கீழ்ப்பாதியில் மண் கலவை, மேல்பாதியை மூடியாகக் கவிழ்த்துவிட்டால் பார்ப்பதற்கு அழகான குடில், எலி எளிதில் கடித்து நுழையாது, காற்றில் பறக்காது. நானும் முதல் வருஷம் இதில்தான் ஆரம்பித்தேன். சித்திரை மாதம், மூடியைத் திறக்காமல் வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் முளைத்திருந்த அத்தனையும் வெந்த கீரை மாதிரி படுத்துக் கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் வண்ண மீன் கடையில் ஒரு தொட்டி தெர்மாமீட்டர் வாங்கி வந்து கேனுக்குள் வைத்துப் பார்த்தேன். அந்தக் கண்ணாடிக் குழாயில் 50 வரைதான் கோடு போட்டிருக்கும். பன்னிரண்டரை மணிக்கு சிவப்புக் கோடு கடைசிக் கோட்டையும் தாண்டி நின்றது, வெளியே நிழலில் 36தான். வாய்ப்பகுதி மூடியைக் கழற்றி, தோளைச் சுற்றிச் சூடான கம்பியால் பத்துப் பன்னிரண்டு பெரிய ஓட்டை போட்ட பிறகும் 43. ஆக, முழு வெயில் விழும் மொட்டை மாடிக்குக் கேன் ஆகாது, இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ஆனால் சந்து வீடு, படிக்கட்டு ஓரம், காலையில் இரண்டு மூன்று மணி நேர வெயில் மட்டும் எட்டிப் பார்க்கிற ஜன்னல் திட்டு என்றால் கேன் நல்ல சாமான். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்து நெருக்கமான வீடுகளில் இருக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

தெர்மாகோல் பெட்டி அடுத்தது. காசிமேட்டில் மீன் வந்திறங்கும் பெட்டி, கொளத்தூரில் வண்ண மீன் அனுப்புகிற பெட்டி, இரண்டுமே கேட்டால் சும்மாகூடக் கொடுத்துவிடுவார்கள். காசிமேட்டுப் பெட்டியை இரண்டு மூன்று முறை நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும், உப்பும் மீன் வாடையும் ஒட்டியிருக்கும், வாடை பூனைகளை இழுக்கும், உப்பு நாற்றைக் கெடுக்கும். பெட்டியின் பலம் அதன் தடித்த சுவர். தரை கொதிக்கும் மொட்டை மாடியில் மண் கலவையைச் சூடேறாமல் வைத்திருக்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் அதன் ஆழம்தான் பிரச்சினை. ஓரடி ஆழப் பெட்டியின் அடியில் விதைத்தால் பக்கவாட்டு வெளிச்சம் வராது, நாற்றுகள் வெளிச்சம் தேடி நெட்டையாக வெளுத்து நூல் மாதிரி வளரும், நட்டால் நிற்காது. முக்கால் உயரம் கலவை நிரப்பினால் கனமாகிவிடும். பெட்டியைப் பாதி உயரத்துக்கு அறுத்துக்கொள்வதுதான் வழி, கத்தியால் அறுத்தால் பொரிபோல உதிர்ந்து மாடி முழுக்கப் பறக்கும், அந்த உருண்டைகள் மழைநீர்க் குழாய்க்குள் போனால் வீட்டுக்காரர் நம்மைத்தான் கேட்பார், அதனால் வீட்டுக்குள் பழைய போர்வை விரித்து அறுத்து அள்ளிவிடுங்கள்.

இந்தப் பெட்டியில் எனக்கு நேர்ந்த பெரிய இழப்பைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வருஷம் மிளகாய் அறுபது நாற்று, அத்தனையும் நன்றாக வந்திருந்தது, அடியில் ஓட்டை போட்டது போதவில்லை, மேலே பாலித்தீன் ஷீட் வேறு இழுத்துக் கட்டியிருந்தேன். ஒரு காலை ஓரத்தில் நாலைந்து நாற்று தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பாகி ஒடிந்து விழுந்திருந்தது, மறுநாள் நடுவில் ஒரு தட்டு அளவு, மூன்றாம் நாள் எல்லாம் போயிற்று. நாற்றழுகல் நோய். பித்தியம் என்கிற பூஞ்சை போன்ற நுண்ணுயிர்தான் பெரும்பாலும் காரணம், ஈரம் தேங்கி, காற்றோட்டம் இல்லாமல், நாற்று நெருக்கமாக இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். நம் ஊர்க் காற்றிலேயே ஈரப்பதம் அதிகம், அதன்மேல் ஒரு ஷீட்டையும் போட்டு மூடினால் வேறென்ன நடக்கும். விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி கலந்து விதைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம், கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு, நம் வீட்டு அளவுக்குப் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினால் போதும். அதைவிட முக்கியம், முளைத்த அன்றே மூடியை எடுத்துவிடுவது. அதற்குப் பிறகு ஒருநாளும் நாற்றை ஷீட்டால் மூடியதில்லை, மழை நேரத்தைத் தவிர.

அப்படியானால் மூடி எப்போதுமே வேண்டாமா என்றால், முளைக்கிற வரைக்கும் வேண்டும். அதற்கு நான் பார்த்ததில் மிகச் சிறந்தது பிரியாணி டப்பா. பார்சல் வருகிற, மூடி போட்ட தெளிவான பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவி, இரண்டு விரல் உயரம் ஈரக் கலவை போட்டு, விதை தூவி மூடி, வீட்டுக்குள் வெயில் படாத அலமாரிமேல் வைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே வேண்டாம், உள்ளேயே ஆவியாகி உள்ளேயே சொட்டும். தக்காளி ஐந்தாறு நாளில், கத்தரி ஒரு வாரத்தில், மிளகாய் எட்டு முதல் பன்னிரண்டு நாளில் தலை காட்டும். முதல் முளை தெரிந்தவுடன் மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டு போக வேண்டும், ஒருநாள் தாமதித்தாலும் தண்டு நீண்டுவிடும். செலவு பூஜ்யம். மாடிக்கு எதைக் கட்டினாலும் சரி, முதல் வாரம் டப்பாவுக்குள்தான் என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கீற்றுப் பந்தலைப் பற்றிக் கொஞ்சம். ஊரில் நாற்றங்கால் என்றால் நாலு சவுக்குக் கம்பு நட்டு மேலே தென்னங்கீற்று போடுவதுதான் வழக்கம், நிழலின் குளிர்ச்சிக்கு எந்த வலையும் கீற்றுக்கு ஈடாகாது. ஆனால் மாடியில் கம்பு நட இடமில்லை, கீற்று ஒரு மழைக்காலம் தாண்டினால் மக்கி உதிரும், எலி கூடு கட்டும், பட்டாசு நேரத்தில் பயமாக இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் பார்த்த அன்றே இறக்கச் சொல்லிவிட்டார், அவர் சொன்னது நியாயம்தான். அதற்குப் பதிலாகப் பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையாக இரண்டு கொடிக்கயிற்றுக்கு நடுவில் கட்டிப் பார்த்தேன், ஒரு மாத வேலைக்கு அது ரொம்ப நன்றாக உழைத்தது, கத்திரி வெயிலில் மதியம் தண்ணீர் தெளித்துவிட்டால் அடியில் நல்ல குளிர்ச்சி. காசே செலவழிக்க முடியாதவர்களுக்கு வேட்டி போதும், பறவைக்கும் எலிக்கும் மட்டும் அது தடையாகாது.

ஆன்லைனில் விற்கிற ஜிப் வைத்த பாலித்தீன் குடில்கள் வேண்டாம். ஆயிரத்துக்கு மேல் கொடுத்து, தண்ணி கேனில் நடந்ததையே பெரிய அளவில் நடத்திப் பார்ப்பது மாதிரிதான். எங்கள் பக்கத்துக் காற்றில் வருகிற தூசியும் கரியும் படிந்து ஒரே மாதத்தில் ஷீட் மங்கிவிடும் என்பது தனிக் கதை.

இப்போது வலைக்கூண்டுக்கு வருகிறேன். அரை அங்குல பிவிசி பைப், எட்டு மூலைக்கு மூன்று வாய் இணைப்புகள், நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரையடி உயரம். ஒட்டாமல் அப்படியே செருகினேன், வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். மேலேயும் சுற்றியும் பச்சை நிழல்வலை, முன்பக்கம் மட்டும் திரை மாதிரி தூக்கிவிடுகிற அமைப்பு, துணி கிளிப்பால் பிடித்துக்கொள்கிறது. எனக்கு எல்லாம் சேர்ந்து ஆனது 720 ரூபாய், அதில் பைப்பும் இணைப்புகளும்தான் பெரும்பகுதி. வலை வாங்கும்போது கவனம், கடையில் நிழல்வலை என்று கேட்டால் 75 அல்லது 90 சதவீத வலையைக் கொடுத்துவிடுவார்கள், கார் நிறுத்தும் இடத்துக்கு அதுதான் நிறையப் போகும் போலிருக்கிறது. நாற்றுக்கு 50 சதவீதம் என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பாதி வெளிச்சம் தடுக்கும், பாதி உள்ளே விடும். 75 போட்டால் மறுபடி அந்த நெட்டைத் தண்டு கதைதான். இந்தக் கூண்டுக்குள் தெர்மாமீட்டர் சித்திரை மதியம் 36, 37 காட்டியது, அதாவது கிட்டத்தட்ட வெளியே நிழலில் இருக்கிற அதே அளவு. காற்று உள்ளே புகுந்து வெளியே போகிறது என்பதுதான் இதில் விஷயமே, மதியத்துக்கு மேல் கடல் காற்று கிளம்பியதும் சட்டென்று இறங்கிவிடும்.

இதற்கும் குறை உண்டு. நிழல்வலை ஓட்டை வழியாக வெள்ளை ஈ சர்வசாதாரணமாக நுழையும், தக்காளிக்கும் மிளகாய்க்கும் இலைச்சுருட்டு வைரஸைக் கொண்டுவருவதில் அதற்குப் பெரிய பங்கு. கொசுவலை போட்டால் நிற்கும் என்று சொல்வார்கள், நிற்காது, வெள்ளை ஈ கொசுவைவிடச் சின்னது, வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும்தான் நிற்கும். பூச்சித்தடுப்பு வலை என்று 40 மெஷ் வலை தனியாக விற்கிறது, அங்குலத்துக்கு 40 கண்ணி, அதுதான் தடுக்கும், ஆனால் காற்றையும் கொஞ்சம் தடுக்கும், விலையும் கூட. முன் வருஷம் இலைச்சுருட்டில் அடிபட்டவர்கள் பக்கவாட்டுக்கு மட்டுமாவது அதைப் போடலாம், முதல் தடவை செய்கிறவர்களுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றை உள்ளே தொங்கவிட்டாலே போதும் என்பது என் எண்ணம்.

மழை இன்னொரு குறை. வலை மழையை நிறுத்தாது, பெரிய துளியைச் சின்னத் துளியாக்கும் அவ்வளவுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூண்டின் மேல்பக்கம் மட்டும் ஒரு பாலித்தீன் ஷீட்டைச் சரிவாகக் கட்டுங்கள், நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் அதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம், நாற்றுத் தட்டுகளை வீட்டுக்குள் தூக்கிக் கொண்டு போய்விட்டுக் கூண்டைக் கழற்றிப் படுக்க வைத்துவிடுங்கள். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையின்போது நான் தட்டுகளை உள்ளே எடுத்து வைத்தேன், கூண்டை விட்டுவிட்டேன், மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகு பக்கத்து வீட்டுச் சந்தில் வலை மட்டும் கிடைத்தது. திருவொற்றியூர், காசிமேடு மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் சாதாரண நாளிலேயே கூண்டின் கால்களை நாலு செங்கல்லோடு சேர்த்துக் கட்டித்தான் ஆக வேண்டும்.

எந்தப் பெட்டி என்று இவ்வளவு யோசிப்பவர்கள் தண்ணீரைப் பற்றி யோசிப்பதில்லை, எனக்கு அதுதான் ஆதங்கம். எங்கள் போரில் வருவது உப்புத் தண்ணி, பெரிய செடி தாங்கும், பத்து நாள் நாற்று தாங்காது, இலை ஓரம் கருகி வளர்ச்சி நின்றுவிடும். நாற்றுக்கு மட்டும் மெட்ரோ தண்ணி, அதாவது குடிநீர் வாரியத் தண்ணி கொடுங்கள், ஒரு நாளைக்கு ஒரு சொம்புதான் ஆகப்போகிறது. ஏசி இருக்கிற வீடு என்றால் அதிலிருந்து சொட்டும் தண்ணியில் உப்பே கிடையாது, பக்கெட்டில் பிடித்து வைத்து ஊற்றலாம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணி வேண்டவே வேண்டாம், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கும். தேங்காய் நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு இருக்கும், ஊறவைத்துப் பிழிந்து தண்ணியைக் கொட்டி, மறுபடி ஒரு முறை அதேபோலச் செய்துவிட்டு, மண்புழு உரத்தோடு மூன்று பங்குக்கு ஒரு பங்கு கலந்து பயன்படுத்துங்கள். தட்டுக்குக் கடையில் 98 குழி உள்ள குழித்தட்டு கிடைக்கிறது, பத்து நாற்றுக்கு அது எதற்கு, அரை லிட்டர் பால் கவரை மேலே வெட்டி அடியில் மூன்று ஓட்டை போட்டால் நடும்போது வேர் கலையாமல் வரும்.

கடைசியாக, நாற்றே விடாமல் வாங்கிக்கொள்வது. மாதவரம், செங்குன்றம் பக்கம் நர்சரிகள் நிறைய, தக்காளி நாற்று சில ரூபாய்க்குக் கிடைத்துவிடும். நாலு செடிதான் வைக்கப் போகிறீர்கள், வேலைக்கும் போகிறீர்கள் என்றால் வாங்கிவிடுவது நல்ல முடிவு, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் என்ன ரகம் என்று சொல்ல மாட்டார்கள். எனக்குப் பிகேஎம் 1 தக்காளிதான் வேண்டும், பெரியகுளத்தில் உருவான ரகம், அந்தப் புளிப்புதான் ரசத்துக்கு ருசி, விதையையும் எடுத்து வைத்து மறு வருஷம் போடலாம். நமக்குப் பிடித்த ரகத்தை நமக்குப் பிடித்த மாதத்தில் தொடங்க வேண்டுமென்றால் சொந்த நாற்று விட்டே ஆக வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னதைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நான் அப்படியே கடைப்பிடிக்கிறேன், தக்காளிக்கு மட்டும் நவம்பர் கடைசியில் டப்பாவில் விதைத்துக் கூண்டில் வளர்த்து டிசம்பர் இறுதியில் நட்டால் பனிக்காலத்தில் பூத்துக் காய்த்துவிடுகிறது.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். 720 ரூபாய்க் கூண்டு அவருக்கு அதிகம். அவர் வீட்டில் ஒரு பக்கம் உடைந்த துணி காயப்போடும் ஸ்டாண்டு ஒன்று சும்மா கிடந்தது, அதை விரித்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம் வைத்தோம், அங்கே காலை வெயில் முழுக்க விழும், ஒரு மணிக்கு மேல் தொட்டியின் நிழல் வந்துவிடும். மேலே 50 சதவீத வலை, கீழே பாதியாக அறுத்த தெர்மாகோல் பெட்டி, பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்காமலும் தளத்தில் ஈரம் இறங்காமலும் இருக்க இரண்டு செங்கல். வலையின் ஓரத்தைச் சுற்றிலும் மணல் போட்ட சேலை மடிப்பு, எலிக்காக. மொத்தச் செலவு வலைக்கு மட்டும் 190 ரூபாய். வீட்டுக்காரர் வந்து பார்த்தார், செங்கல்லைக் காலால் தள்ளிப் பார்த்தார், "தண்ணி தேங்காம பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

விதைகள் மூன்று பிரியாணி டப்பாக்களில் அவர் பீரோ மேல் இருந்தன. தக்காளி ஐந்தாம் நாளே வந்து கூண்டுக்குப் போனது, கத்தரி எட்டாம் நாள். மிளகாய் மட்டும் வரவில்லை என்று ஒன்பதாம் நாள் டப்பாவோடு மேலே ஏறி வந்தார், விதை பழசோ என்று கவலை. மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம், ஓரத்தில் ஒன்று வளைந்த கழுத்தோடு மண்ணைத் தள்ளிக்கொண்டு நின்றது.